தோசைக்கு ஒரு தூண்

சத்தியம், சத்தியம், முக்காலும் சத்தியம். இதில் ஒரு வார்த்தை பொய்யென்றால் சொன்னவன் நாக்கு அழுகிப்போகட்டும்.

ரங்கூனிலிருந்து நாகப்பட்டினத்துக்குக் கடல்மேல் பாலம் கட்டியவர் குழந்தைவேலு. அதையும் ரங்கூனின் மிங்கலா தாங்ஞுன்ட் பேட்டையில், ரயில்பாதை ஓரத்துச் சொர்ணம்மாளின் தோசைக்கடைப் பலகையில் குந்தியபடியே கட்டினார்.

அது அறுபத்துநாலாம் வருஷம். பர்மாவில் பெரிய கடை கண்ணியெல்லாம் சர்க்கார் கைக்குப் போய், தமிழ் ஜனங்கள் கப்பல் கப்பலாக மதராசுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். துறைமுகத்தில் மூட்டை தூக்கிய குழந்தைவேலுவுக்கு வேலை போய்விட்டது. பெண்டாட்டி, பிள்ளை கிடையாது. ரோஷம் மட்டும் ஏகத்துக்கு உண்டு. யாராவது சாப்பிடக் கூப்பிட்டால், இப்போதுதான் முடித்தேன் என்று காலி வயிற்றைத் தடவிக் காட்டுவார்.

ஒருநாள் சும்மா இருக்க மாட்டாமல் அளந்துவிட்டார். இரண்டு சர்க்காரும் சேர்ந்து கடலில் பாலம் போடுகிறார்களாம், துறைமுகத்தில் பேசிக்கொண்டார்களாம்.

சொர்ணம்மாள் கல்லிலிருந்து ஒரு தோசையை எடுத்து அவர் தட்டில் போட்டாள்.

"சேதி சொன்னவருக்குக் கூலி. அப்புறம் என்ன ஆச்சு அண்ணே?"

அப்புறம் தினமும் ஆயிற்று. தோசைக்கு ஒரு தூண். சட்னி தாராளமாக விழுந்தால் அந்தத் தூணுக்கு விளக்கும் உண்டு. அந்தமான் பக்கத்தில் சுறாமீன்களைப் பழக்கிக் கம்பி இழுக்க வைக்கிறார்கள் என்றார். தெரு வாயைப் பிளந்து கேட்டது. டீக்கடை பீர் முகைதீன் பாய், நடுக்கடலில் கடை போட இடம் கிடைக்குமா என்று விசாரித்துவைத்தார்.

இப்படியே போயிருக்கும். அதற்குள் சொர்ணம்மாளுக்குக் கப்பலில் இடம் கிடைத்தது. புருஷன் வடிவேல் முன்கப்பலில் போய் மதராசில் காத்துக்கிடந்தான். வியாழக்கிழமைக் கப்பலை விட்டால் அடுத்தது எப்போது என்று ஒருவருக்கும் தெரியாது. அவளோ, கப்பல் வேண்டாம், பாலம் முடியட்டும், நடந்தே போகிறேன் என்று சொல்லிவிட்டாள்.

மிஷன் பள்ளிக்கூடத்தில் குமாஸ்தாவாக இருந்த அமிர்தநாதன் சார், குழந்தைவேலுவைத் தனியே நிறுத்தினார். கோபம் வந்தால் அவர் பர்மியர் மாதிரி பெயருக்கு முன்னால் 'ஊ' போட்டு மரியாதை கொடுப்பார்.

"ஊ குழந்தைவேலு, உம்ம தோசைக்கு ஒரு குடும்பம் பிரியணுமா?"

குழந்தைவேலுவுக்குச் சுருக்கென்றது. இந்தப் பெண் இவ்வளவு அப்பாவியா? பொய் சொன்னேன் என்று ஒப்புக்கொள்ள ரோஷம் விடவில்லை. சரி, கட்டினவனே இடித்துவிடுவோம் என்று முடிவு செய்தார்.

மறுநாள் தலையில் கை வைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார்.

"போச்சு. புயல்ல பாலம் விழுந்திடுச்சு."

அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆள் சாகாமல் எங்காவது பாலம் விழுமா? தொழில் சுத்தமாக இருக்கட்டும் என்று, வேலையாட்கள் ஏகப்பட்ட பேர் போய்விட்டார்கள் என்றார். எந்த மதத்துக்காரர்கள் என்று பாய் கேட்டார். ஓரவஞ்சனை கூடாதே என்று, எல்லா மதமும்தான் என்றார்.

வந்தது வினை.

பாய் ஃபாத்திஹா ஓத வைத்தார். அமிர்தநாதன் சார் மாதா கோயிலில் பூசை வைத்தார். காளி கோயிலில் மோட்ச தீபம் ஏறியது. எதிர்வீட்டு பர்மிய அம்மாள் பிக்குகளுக்கு அன்னம் படைத்தாள். எல்லா இடத்திலும் குழந்தைவேலுவை முன்வரிசையில் உட்காரவைத்தார்கள். பிறக்கவே பிறக்காத மனிதர்களுக்காக அவர் அழுத அழுகையில், அவருக்கே நிஜமாகத் துக்கம் வந்துவிட்டது.

கடைசியில் சார் எழுந்து, செத்தவர்கள் பேரில் வருஷம் திரும்புகிறவரை, ஊரில் தங்குகிற வீடுகளில் முறைவைத்து ஒருவருக்குச் சோறு போடவேண்டும் என்றார். துக்கச் சேதி கொண்டுவந்தவரே அந்த இலையில் உட்காரவேண்டும், அதுதான் முறையாம்.

குழந்தைவேலு, "இப்பத்தான் முடிச்சேன்..." என்று இழுத்தார்.

"செத்தவங்களை அவமானப்படுத்தாதீங்க," என்றார் பாய்.

செத்தவர் யாருமில்லை என்று சொன்னால் தப்பிக்கலாம். சொல்ல முடியுமா? உட்கார்ந்தார். ஏமாந்த ஜனங்களின் சோறு முள்ளாக இறங்கியது. அடே திருட்டுப் பயலே என்று தன்னைத்தானே திட்டிக்கொண்டே இரண்டாம் தடவை ரசம் வாங்கிக்கொண்டார்.

ஒரு நல்லது நடந்தது. சொர்ணம்மாள் கப்பலுக்குப் பெட்டி கட்டினாள்.

வியாழக்கிழமை பெட்டியைத் தூக்கிக்கொண்டு கப்பலடிவரை போனவர் குழந்தைவேலு ஒருவர்தான். போகிற பெண்ணிடமாவது உண்மையைச் சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தார்.

"தங்கச்சி, அந்தப் பாலம் வந்து..."

"தெரியும் அண்ணே. எங்கப்பா இந்த ஆத்துல சம்பான் படகு தள்ளினவரு. கடல்ல தூண் நட்டாங்கன்னா நான் நம்புவேனா?"

"பின்னே ஏன் கப்பலேற மாட்டேன்னு நின்னே?"

அவள் அவர் தலையிலிருந்த பெட்டியை வாங்கிக்கொண்டாள்.

"நான் போயிட்டா உங்களுக்கு யாரு சோறு போடறது? சும்மா குடுத்தா வாங்கமாட்டீங்க. வழி தெரியாம நானும் சாரும் பாயும் முழிச்சுக்கிட்டிருந்தோம். நல்லவேளை, நீங்களே பாலத்தை இடிச்சீங்க, செத்தவங்க பேருல இலை போட வழி கிடைச்சுது."

அன்று மத்தியானம் பாய் வீட்டில் இலை போட்டிருந்தது. குழந்தைவேலு ஒன்றும் அறியாத முகத்தோடு போய் உட்கார்ந்தார்.

அவருக்கு விஷயம் தெரியும் என்று அந்தத் தெருவில் மூச்சு விட்டுவிடாதீர்கள். விட்டாலும், யார் சொன்னது என்று மட்டும் காட்டிக்கொடுத்துவிடாதீர்கள். கப்பலடியில் நின்றது இரண்டே பேர். அதில் ஒருத்தி மதராசுக்குப் போய்விட்டாள்.