இருபது மீட்டர் கம்பி

குட்டைக் கம்பியா, நெட்டைக் கம்பியா?

மொட்டை மாடியில் இரண்டையும் விரித்துப் போட்டுவிட்டு நடுவில் நின்றாள் அவள். வீட்டிலிருந்தபடியே வானொலியில் ஊர் ஊராகப் பேச, காலையில்தான் ஹாம் ரேடியோ உரிமம் வந்திருந்தது. ஏரியல் கம்பி கட்டுவதுதான் பாக்கி. கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

குட்டை பத்து மீட்டர். அவளுடைய மாடிக்குள்ளேயே அடங்கிவிடும். யார் தயவும் வேண்டாம். ஆனால் இரண்டு அலைவரிசைகளில்தான் பேசலாம்.

நெட்டை இருபது மீட்டர். ஒரே கம்பியில் நான்கு அலைவரிசை. அதில் ஒன்றில்தான் தினமும் காலையில் திருச்சிக்காரரும் நாகர்கோவில்காரரும் ஊர்க்கதை பேசுவார்கள். பரீட்சைக்குப் படித்த காலமெல்லாம் அதைக் கைபேசி வழியாகக் கேட்டுக் கிடந்தவள். நடுவே புகுந்து தானும் ஒரு வார்த்தை போட நாக்கு துறுதுறுத்தது.

நெட்டைதான். வேறு பேச்சே இல்லை.

ஆனால் அதன் மறுமுனையைக் கட்ட ஒரே ஓர் இடம்தான் இருந்தது. சந்துக்கு அப்பால், எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டி.

எதிர்வீடு அவளுடைய அண்ணன் தவசியின் வீடு.

அப்பாவின் சொத்தைப் பாகம் பிரித்த அன்று வார்த்தை தடித்தது. அதன்பிறகு அண்ணனும் தங்கையும் நேருக்கு நேர் பேசுவதில்லை. குழாயில் தண்ணீர் வந்தால்கூட ஜாடைதான். அவர் காக்கையிடம் சொல்வார். அவள் சுவரிடம் பதில் சொல்வாள். வீம்பில் ஒருவருக்கொருவர் சளைத்தவர்கள் இல்லை.

கயிற்றின் ஒரு நுனியைக் கம்பியில் முடிந்தாள். மறுநுனியில் பாதி மணல் நிரப்பிய தண்ணீர்ப் பாட்டில்.

மூச்சைப் பிடித்து வீசினாள்.

பாட்டில் சந்தைத் தாண்டியது. நேரே போய், அண்ணி காயப்போட்டிருந்த மிளகாய் வற்றலில் விழுந்தது.

சத்தம் கேட்டு அண்ணனே மேலே வந்தார். பாட்டிலைப் பார்த்தார். கயிற்றைப் பார்த்தார்.

அவள் கைப்பிடிச் சுவரிடம் சொன்னாள்.

"அந்தத் தொட்டிக்கு மேல யாராச்சும் கட்டிவிட்டா, நாலு ஊர்க்காரங்களோட பேசலாம்."

அண்ணன் குனிந்தார். சிதறிய வற்றலைப் பொறுக்கி மறுபடியும் பரப்பினார். அவசரமே இல்லை அவருக்கு.

 அவர் கயிற்றை அவிழ்த்து எறிந்துவிட்டால் நெட்டை போச்சு. காலைப் பேச்சும் போச்சு.

கயிறு இழுபட்டது.

எட்டிப் பார்த்தாள். கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு அண்ணன் தொட்டி மேல் ஏறிக்கொண்டிருந்தார்.

தரையில் கிடந்த கம்பி மெல்ல எழுந்தது. சந்துக்கு மேலே போய் வெயிலில் மினுங்கியது.

அவளுக்குக் குதிக்க வேண்டும் போல இருந்தது. குதிக்கவும் செய்தாள்.

தன் பக்கத்து முனையில் மீட்டரை மாட்டினாள். கம்பி சரியில்லை என்றால் முள் ஏறும். சரி என்றால் அடியிலேயே கிடக்கும்.

முதல் அலைவரிசை. முள் அசையவில்லை.

அடுத்தது. அசையவில்லை.

மூன்றாவதும் அப்படியே.

நான்காவது, அந்தக் காலைப் பேச்சு அலைவரிசை. குமிழைத் திருப்பினாள். முள் சொகுசாகப் படுத்துக் கிடந்தது.

அப்படி ஒரு கட்டு. குறை சொல்ல ஒன்றுமில்லை.

அண்ணன் தொட்டியிலிருந்து இறங்கினார். கைத்தூசியைத் தட்டிவிட்டுப் படிப்பக்கம் திரும்பினார்.

அவள் மீட்டரை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டாள்.

"அண்ணே."

அவர் நின்றார்.

"இன்னுங் கொஞ்சம் ஒசத்திக் கட்டணும்ண்ணே."