அம்மாவுக்கு ஒரு வாக்கர்

“கைப்பிடி உங்களுக்கு ரொம்ப உயரமா இருக்கும்மா. மணிக்கட்டு உயரத்துல இருக்கணும். இறக்கிடவா?” என்றார் கடைக்காரர்.

“வேணாம். இன்னும் கொஞ்சம் ஏத்துங்க” என்றாள் அம்மா.

மகளுக்கு எரிச்சலாக வந்தது. முட்டி வலி, முட்டி வலி என்று ஒரு வாரமாக உயிரை எடுத்துவிட்டு, சக்கர வாக்கர் வாங்க வந்த இடத்தில் இப்படியா அடம்பிடிப்பாள்?

மறுநாள் காலை வாசலில் சக்கரச் சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தாள். அப்பா வாக்கரைத் தள்ளிக்கொண்டு நிமிர்ந்து நடந்துகொண்டிருந்தார். கைப்பிடி அவருடைய மணிக்கட்டுக்கு அளவெடுத்ததுபோல இருந்தது.

“பிரேக் பிடிக்குதான்னு பாக்குறேன். உங்கம்மா பாட்டுக்கு விழுந்து வைப்பா” என்றபடி தெருவில் இறங்கினார்.

மகள் சமையலறைக்கு ஓடினாள். அம்மா ஸ்டூல்மேல் ஏறி நின்று மேல்தட்டைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

“அம்மா! முட்டி வலி?”

“கத்தாதடி. போன மாசம் வழுக்கி விழுந்தப்ப டாக்டர் வாக்கர் வாங்கச் சொன்னதுக்கு, ‘நான் என்ன கிழவனா?’ன்னு குதிச்சாரே மனுஷன்! ஸ்டூலைப் பிடி. அவர் திரும்பி வர்றதுக்குள்ள நான் உக்காந்து முனகணும்.”