இருமல் காவல்

"பீ...ப்!"

விசில் சத்தம் கேட்டதும் சாப்பிட்டுக்கொண்டிருந்த அத்தனை பேரும் சோற்றுக் கையோடு திரும்பினார்கள். பராங்குசம் மூச்சிரைக்க ஓடிவந்தான்.

"புடிச்சாச்சு அண்ணாச்சி! கையும் களவுமா புடிச்சாச்சு!"

"யாருலே?" என்று துள்ளி எழுந்தார் குவார்ட்டர்ஸ் செயலாளர் ஜெபசிங்.

"நம்ம எஸ்றாதான். கிணத்தடியில யாரும் பாக்கலன்னு நெனச்சு, ரெண்டு தடவ இருமுதான்!"

அது எமர்ஜென்சி நேரம். டெல்லியில் போட்டது போதாதென்று, தூத்துக்குடியில் ஒரு கப்பல் ஏஜென்சியின் பேச்சிலர் குவார்ட்டர்ஸில் ஜெபசிங் தனியாக ஒன்று போட்டிருந்தார். ஊரெல்லாம் விஷக் காய்ச்சல். சளி, இருமல், உடம்பு வலி என்று தெருவுக்குத் தெரு படுத்துக் கிடந்தார்கள். "நம்ம குவார்ட்டர்ஸுக்குள்ள ஒரு கிருமி கால வைக்கட்டும், அப்பொறம் இருக்கு" என்று ஜெபசிங் சவால் விட்டிருந்தார்.

தட்டும் தம்ளரும் ஆளுக்குத் தனி. பெயின்டில் பேர் எழுதியிருக்கும். ஒரு பீடியை ரெண்டு பேர் இழுக்கக் கூடாது. கட்டில்களைத் தள்ளித் தள்ளிப் போட வேண்டும். எல்லாம் நல்ல சட்டம்தான், குறை சொல்வதற்கில்லை. மனுஷன் அதோடு நிறுத்தியிருக்கலாம்.

நிறுத்தவில்லையே! 'இருமல் காவல்' என்று ஒன்றைக் கண்டுபிடித்தார். தினம் ஒருத்தர் குவார்ட்டர்ஸைச் சுற்றி வர வேண்டும். எவன் இருமினாலும் தும்மினாலும் விசில் ஊத வேண்டும். நாசரேத்தில் பந்தயங்களுக்கு ரெஃபரியாக இருந்தபோது பரிசாகக் கிடைத்த பித்தளை விசிலையே இதற்காகக் கொடுத்திருந்தார்.

"சீமைச் சாமான்லே. கடையில விக்கிற பீப்பின்னு நெனச்சியா?"

காலைக் காப்பிக்குப் பிறகு பழைய காவல்காரன் விசிலைக் கழற்றிக் கொடுப்பான். புதியவன் வாங்கி அங்கேயே ஓங்கி ஒரு ஊது ஊதிப் பொறுப்பேற்பான். எல்லோரும் கை தட்டுவார்கள். இந்த மரியாதையில் ஒரு நாளும் குறை வைத்ததில்லை.

இப்போது எஸ்றாவைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். அவன் சாயர்புரத்துப் பையன், கப்பலில் ஏறி இறங்கும் சரக்கை எண்ணிக் குறிக்கும் டாலி கிளார்க்.

"அண்ணாச்சி, எனக்குக் காய்ச்சல் இல்ல. ஒரு வாரமா கந்தகக் கப்பல்ல நிக்கேன். அந்தத் தூசிதான் தொண்டைய அறுக்குது."

"எல்லாப் பயலும் இதத்தான் சொல்லுவான். நடலே, சாக்கு ரூமுக்கு! இனி அங்கதான் தனியாப் படுக்கணும்."

எஸ்றாவை ஒதுக்கியாயிற்று, இனிக் கவலையில்லை என்று அன்றைக்கு எல்லோரும் நிம்மதியாகத் தூங்கினார்கள். மறுநாள் பராங்குசம் எழுந்திருக்கவில்லை, அனலாகக் கொதித்தான். அவனிடமிருந்து காவலை வாங்கிய ஆறுமுகநயினார் அடுத்துப் படுத்தார். அவரிடமிருந்து வாங்கியவனும் படுத்தான்.

"பாத்தியளா? காவல் காக்கிறவனாப் பாத்துப் பழிவாங்குது" என்றார் ஜெபசிங். "சாக்கு ரூம் பக்கம் ரோந்து போறாங்கள்லா, இந்தப் பயகிட்ட இருந்து காத்துல ஏறிருது. இவன் கடமையில நிக்கிறவங்களையே காலி பண்ணுதான்!"

எல்லோரும் ஆமாம் என்றார்கள். இருமிக்கொண்டே சொன்னார்கள்.

எஸ்றா தூரத்தில் நின்றே கெஞ்சிப் பார்த்தான். "அண்ணாச்சி, எனக்கும் ஒரு நாள் காவல் தாங்க. நானும் ஒழுங்கானவன்தான்னு நாலு பேருக்குத் தெரியட்டும்."

"இருமுத வாயில என் விசிலா? தள்ளி நில்லுலே! ஒனக்குக் காச நோய்னு ஆபீசுக்கு எழுதப் போறேன்."

அடுத்த மாசம் எஸ்றாவின் வேலை நிரந்தரமாக வேண்டும். ஆனால்தான் ஜெயசெல்விக்கும் அவனுக்கும் சர்ச்சில் கல்யாண ஓலை வாசித்து அறிவிக்கச் சம்மதிப்போம் என்று பெண் வீட்டார் கறாராகச் சொல்லியிருந்தார்கள். காச நோய் என்று ஒரு வார்த்தை ஆபீசுக்குப் போனால் வேலையும் போச்சு, ஜெயசெல்வியும் போச்சு.

கடைசியில் காவலுக்கே ஆளில்லாமல் போயிற்று. ஜெபசிங் விடுவாரா? தானே விசிலை மாட்டிக்கொண்டு கிளம்பினார். ரெண்டு நாள் ஊதினார், மூன்றாம் நாள் ஊத மூச்சில்லை.

இப்போது மொத்த குவார்ட்டர்ஸும் படுக்கையில். எஸ்றா ஒருத்தன்தான் கஞ்சி காய்ச்சி, ஒவ்வொரு வாசலிலும் வைத்துவிட்டுத் தள்ளி நிற்பான். தள்ளி நிற்பதும் ஜெபசிங் போட்ட சட்டம்தான்.

விஷயம் கேள்விப்பட்ட கம்பெனி, டாக்டர் அற்புதமணியை அனுப்பியது. தட்டு, தம்ளர், கட்டில் எல்லாவற்றையும் பார்த்து அந்த அம்மாள் அசந்துபோனார்.

"என் ஆஸ்பத்திரியிலகூட இவ்வளவு கட்டுப்பாடு கிடையாதே!"

கம்பளிக்குள் நடுங்கிக்கொண்டிருந்த ஜெபசிங்குக்கு அந்த நிலையிலும் பெருமை தாங்கவில்லை. தலையணைக்கு அடியிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினார்.

"எல்லாம் இந்த எஸ்றாவால வந்தது டாக்டரம்மா. இவனுக்குக் காச நோய்னு எழுதி வச்சிருக்கேன். நீங்க ஒரு கையெழுத்துப் போட்டாப் போதும், வெளிய அனுப்பிரலாம்."

டாக்டர் எஸ்றாவின் நெஞ்சில் குழாயை வைத்துப் பார்த்தார். "நெஞ்சு சுத்தமா இருக்கே. இருமலயும் காணோமே?"

"கப்பல் போயிட்டு டாக்டரம்மா. தூசியும் போச்சு, இருமலும் போச்சு."

"நம்பாதிய!" என்று எழுந்து உட்கார்ந்தார் ஜெபசிங். "இவன் பரப்பலன்னா பெறகு எப்படி வந்துச்சு? அதச் சொல்லுங்க. இல்லன்னா கையெழுத்தப் போடுங்க!"

டாக்டருக்கும் அதுதான் புரியவில்லை. பேனாவைக் கையில் வைத்துக்கொண்டே யோசித்தார். எஸ்றா அந்தப் பேனாவையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"ஏம்ப்பா, ஒரே குவார்ட்டர்ஸ். ஒரே கிணத்துத் தண்ணி. இத்தன பேரும் படுத்துட்டாங்க. உனக்கு மட்டும் எப்படி வராம இருக்கு?"

எஸ்றா ஜெபசிங்கின் கழுத்தில் கிடந்த பித்தளையை ஏக்கத்தோடு பார்த்தான்.

"தெரியல டாக்டரம்மா... எனக்கு மட்டும்தான் கடைசி வரைக்கும் அண்ணாச்சி அந்த விசிலத் தரல."