கடவுள் வேஷம்

"பேசினாலே திக்குற பொண்ணுக்கு இவ்வளவு பெரிய வேஷமா, சிஸ்டர்?"

பள்ளி மேடைக்குப் பின்னால் குருவியின் அம்மா படபடத்தாள்.

"அவளேதாம்மா கை தூக்கினா. பாட்டாச் சொன்னா அவளுக்குத் திக்காது," என்றார் சிஸ்டர், அட்டைச் சிறகுக்குப் பசை தடவிக்கொண்டே.

"கடைசி வரி வசனமாச்சே!"

விண்ணிலிருந்து தள்ளப்பட்ட தேவதூதனின் காவிய நாடகம், சிஸ்டரே எழுதியது. கர்வத்தால் கெட்டு, முடிவில் மன்னிப்புக் கேட்கும் தூதனாகக் குருவி.

கடவுளாக வக்கீல் மகள். பேச்சுப் போட்டி என்றால் கோப்பையோடுதான் வீடு திரும்புவாள். இன்றைக்கும் சிறந்த நடிப்புக்கு ஒரு கோப்பை உண்டு. பஞ்சுத் தாடியை நீவியபடி அவள் நின்ற தோரணையைப் பார்த்ததும் அம்மாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. 'மண்டைக்கனம்!'

அம்மா சபையில் போய் உட்கார்ந்ததும் திரை விலகியது. தகரத்தைத் தட்டி இடி இடித்தார்கள். குருவி பாதாளத்தில் விழுந்தாள், எழுந்தாள், கணீரென்று பாடினாள். ஒரு சொல் பிசகவில்லை! நாற்காலி நுனிக்கு வந்துவிட்டாள் அம்மா.

கடைசிக் காட்சி. குருவி மண்டியிட்டாள்.

"ம... ம... ம..."

அவ்வளவுதான். நின்றுவிட்டது.

பின் வரிசையில் யாரோ களுக்கென்றார்கள். சிரிப்பு பரவியது.

அம்மா கண்ணை இறுக மூடிக்கொண்டாள். 'கடவுளே, அந்த மண்டைக்கனத்துக்கும் நாக்கு குழறட்டும்! அவளையும் பார்த்துச் சிரிக்கட்டும்!'

கடவுள் சிம்மாசனத்தை விட்டு இறங்கி வந்து, தூதனின் எதிரே மண்டியிட்டார்.

"ம... ம... மகனே! வ... வந்துவிட்டாயா?"

சிரிப்பு டக்கென்று அடங்கியது. காவியமே இப்படித்தான் போல என்று சபை மூச்சைப் பிடித்துக்கொண்டது.

"ம... மன்னித்துவிடும், ஆண்டவரே!"

சொல்லிவிட்டாள்! அரங்கமே எழுந்து நின்று கைதட்டியது.

அம்மாவுக்குக் கால் தரையில் பாவவில்லை. கேட்ட வரம் கேட்ட நொடியில் கிடைத்துவிட்டதே! உள்ளே ஓடினாள். வக்கீல் மகள் தனியாக நின்று தாடியைப் பிய்த்துக்கொண்டிருந்தாள்.

"அடடா, உனக்கே நாக்கு குழறிடுச்சே! இந்தத் தடவை கோப்பை போச்சேம்மா!" உச்சுக்கொட்டினாள் அம்மா, சிரிப்பை அடக்கிக்கொண்டு.

அந்தப் பெண் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, அவள் காதருகே வந்தாள்.

"குழறல, ஆன்ட்டி. வேணும்னுதான் செஞ்சேன். குருவிகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க, ப்ளீஸ். அவ ரொம்ப சந்தோஷமா இருக்கா."