ஐஸுக்கு அடியில் கரடி

கனடாவின் வடக்கே அந்தச் சிற்றூரின் இளையோர் ஐஸ் ஹாக்கி அணி கலைக்கப்பட்டு ஆறு வருடங்களாகிவிட்டன. ஆனாலும் அரங்கில் ஐஸ் தளம் போடும் குலவீரசிங்கம், ஒவ்வோர் அக்டோபரிலும் முதல் படலம் உறைந்ததும் நடுவில் மண்டியிட்டு, அணியின் சின்னமான நீலக் கரடியை வரைவார். பிறகு அதன்மேல் தண்ணீர் விட்டு உறையவைப்பார்.

“இல்லாத டீமுக்கு ஆர் உங்களைக் கீறச் சொன்னது?” என்பாள் மனைவி யசோதரா.

“வெறும் ஐஸ் கண்ணுக்குள்ள குத்துது.”

இந்த வருடம் பெண்பிள்ளைகள் எட்டுப் பேர் விளையாட வந்தார்கள். ஆளுக்கொரு நிறத்தில் சட்டை. ஒருத்தி குனிந்து கையுறையால் தளத்தைத் துடைத்தாள்.

“அங்கிள், இந்தக் கரடி ஆருடையது? எங்கட டீமுக்கு இன்னும் பேர் வைக்கேல்ல.”

அவர் பழைய அணியின் பூட்டிய உடைமாற்றும் அறையை நோக்கி நடந்தார். அதன் சாவியைக் கொத்திலிருந்து அவர் கழற்றியதே இல்லை.