சினை உல்லம்

போட்டாதாங் படகுத்துறையில் மழை விட்ட காலை வெயில் ஆற்று மேல் பட்டு, தகரம் மாதிரிக் கண்ணைக் கூச வைக்கிறது. சிவநாதன் ஐஸ் பெட்டிக்குள் கையை விட்டு மீன்களைத் திருப்பி அடுக்குகிறான். அத்தனையும் உல்லம். கடலை விட்டு முட்டையிட ஆற்றுக்குள் ஏறி வரும் இந்த மாதத்தில் அதைத் தொடுவதில்லை என்று, போன வருஷம் பதினோரு படகுக்காரரும் கோயிலில் சூடம் அணைத்துச் சத்தியம் செய்தோம். வருஷா வருஷம் மீன் குறைகிறதே என்று பேச்செடுத்தவனே இவன்தான். "இது ஏதுடா?" என்கிறேன். "குளிர்க்கடல் மீன் அண்ணே. ஜப்பான் பக்கமிருந்து கப்பல்ல வந்தது," என்கிறான், என் முகத்தைப் பார்க்காமல். நான் படிக்காதவன்தான், மீன் தெரியாதவன் இல்லை. ஒன்றை எடுக்கிறேன். செவுள் ரத்தமாய்ச் சிவந்திருக்கிறது, அதன் மடிப்பில் நம் முகத்துவாரத்துச் சேறு. வயிற்றை அழுத்தினால் மஞ்சள் முட்டை கட்டைவிரல் மேல் வழிகிறது. "ஜப்பான்காரன் நம்ம ஊர்ச் சேத்தையும் சேத்தா அனுப்பறான்?" பக்கத்துப் பெட்டிக்காரி ரூபா சிரித்துவிடுகிறாள். சிவநாதனும் சிரிக்கிறான். அதுதான் எனக்குச் சுடுகிறது. "கோவிக்காதீங்க அண்ணே. நீங்க ஒருத்தர் வலையைச் சுருட்டி வெச்சதுல எங்களுக்கு நாலு மீன் கூட விழுது." "எங்களுக்கு" என்கிறான். நான் துறையைத் திரும்பிப் பார்க்கிறேன். செல்லக்கண்ணு, பர்மியர் கோ தான், என்னோடு சத்தியம் செய்த மற்றவர்கள் எல்லாரும் வரிசையாகத் தங்கள் பெட்டிகளோடு நிற்கிறார்கள். என் பார்வை போகப் போக, ஒவ்வொரு மூடியாகச் சத்தமில்லாமல் இறங்குகிறது.