சிவப்புக் கரைப் புரட்சி

துர்கா பூஜைக்கு முந்தைய வாரம் கொல்கத்தாவில் ஒரு மாபெரும் சமூகப் புரட்சி நடந்தது என்பதை வரலாறு குறித்துக்கொள்ளட்டும். கணவரை இழந்த தன் எழுபது வயதுத் தோழி பிபா அக்காவுக்கு, சுதேஷ்ணா சிவப்புக் கரைச் சேலை எடுத்துவிட்டாள்.

"புருஷன் போனவங்களுக்குச் சிவப்பா? தெருவே சிரிக்கும்" என்றான் அவள் கணவன் மனோஜித்.

"சிரிக்கட்டுமே! அவங்களுக்கு என்ன ஆசைன்னு உங்கள்ல ஒருத்தராவது கேட்டிருக்கீங்களா?"

சுதேஷ்ணாவும் கேட்டதில்லை.

ஞாயிற்றுக்கிழமை விருந்துக்கு வந்த பிபா அக்கா, சேலையைப் பிரித்து, கரையை விரலால் தடவிப் பார்த்தார். ஆனந்தக் கண்ணீரைத் துடைத்துவிட சுதேஷ்ணா கைக்குட்டையோடு தயாராக நின்றாள்.

"ஏண்டி, சிவப்பு எனக்கு எப்பவுமே பிடிக்காது. அவரு இருந்த வரைக்கும் அவருக்காகக் கட்டித் தொலைச்சேன். வெள்ளைதான் நானா ஆசைப்பட்டுக் கட்டறது."

சுதேஷ்ணாவுக்கு முகம் விழுந்துவிட்டது. "அப்ப உங்களுக்கு என்னதான் வேணும்? கூச்சப்படாம சொல்லுங்கக்கா. எதுவா இருந்தாலும் தர்றேன்."

பிபா அக்கா சமையலறைப் பக்கம் திரும்பி மூச்சை நன்றாக இழுத்தார்.

"கடுகு அரைச்சு விட்ட ஹில்சா மீன்தானே அது? புருஷன் போனதோட எனக்கு மீனும் போச்சுன்னு நீங்க எல்லாரும் சேர்ந்து முடிவு பண்ணிட்டீங்க. எனக்கு ஒரு துண்டு வைடி, போதும்."

சுதேஷ்ணா அவருக்காக, மீன் வாசம் படாத தனிப் பாத்திரத்தில், பயபக்தியோடு பருப்பு வேகவைத்திருந்தாள்.